அதே எஞ்சின், இருபத்திரண்டு குதிரை கூடுதல்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே போட்டிருக்கும் தலைப்பு வேறு. ஆனால் காலையில் டிபன் வரிசையில் நின்றபோது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். தாத்தாவின் அம்பாசிடர், மார்க் டூ, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், வீட்டு ஷெட்டில் நிற்கிறதாம். பவரைக் கூட்ட வாங்கவேண்டிய சாமான்கள் என்று ஒரு பட்டியல். இரட்டைக் கார்புரேட்டர், ஸ்போர்ட்ஸ் கேம் ஷாஃப்ட், பெரிய குழாய் வைத்த சைலன்சர், ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றுவது. "சார், இருக்கிற பணத்துக்கு எதை முதல்ல வாங்கலாம்?" என்று கேட்டார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1984-ல் கிட்டத்தட்ட இதே பட்டியலை நானும் எழுதினேன். என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். தலைப்பை மாற்றிக்கொள்ளத் தலைவர் பெரிய மனசு பண்ணி அனுமதித்துவிட்டார்.

முதலில் இந்த எஞ்சினின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது வரிசைக் கார். அதன் 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசை. போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். நம் ஊரில் கல்யாண மாப்பிள்ளையையும் கலெக்டரையும் ஏற்றிக்கொண்டு போன அதே எஞ்சின்தான், 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அம்பாசிடரில் 4200 சுற்றில் 50 குதிரைத்திறன். எம்.ஜி.ஏ.வில் 5500 சுற்றில் 72. போரும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. அப்படியானால் இந்த 22 குதிரை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தெரிந்தால் தம்பியின் பட்டியலை நாமே திருத்திவிடலாம்.

முதலாம் ஆண்டில் படித்த கணக்குதான். டார்க்கை பவுண்டு-அடியில் எடுத்து, சுற்றால் பெருக்கி, 5252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். திருப்பிப் போட்டுப் பாருங்கள். அம்பாசிடர் 4200-ல் சுமார் 62.5 பவுண்டு-அடி தருகிறது. எம்.ஜி.ஏ. 5500-ல் 69-க்குக் கொஞ்சம் குறைவு. டார்க்கில் பத்து சதவீதம்தான் வித்தியாசம். சுற்றிலோ முப்பத்தொரு சதவீதம்! அதாவது எம்.ஜி.ஏ. ஒவ்வொரு அடியையும் ரொம்பப் பலமாக அடிக்கவில்லை, ஒரு நிமிஷத்துக்கு அதிக அடி அடித்தது. அவ்வளவு சுற்றிலும் மூச்சுத் திணறாமல் இருந்தது.

ஹெட்டைச் சீவினால் பவர் கொட்டும் என்று பட்டறையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்ரஷன் 7.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. ஆக மேலே எரியும் இடம் 60 சி.சி. எம்.ஜி.ஏ. மாதிரி 8.3 ஆக்க அது 51 சி.சி. ஆகவேண்டும். ஒன்பது சி.சி. குறைப்பதால் ஆட்டோ சைக்கிள் கணக்குப்படி கிடைப்பது நாலரை சதவீதம், அதாவது இரண்டு குதிரைக்குச் சற்று மேல். கூடவே நாக்கிங் பயமும் வருகிறது.

இரட்டைக் கார்புரேட்டருக்கு வருவோம். எம்.ஜி.ஏ.வில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. இரண்டு இருந்தன. உண்மையிலேயே அதனால் பலன் உண்டு. ஆனால் கேம் பழையதாக இருந்தால் அந்தக் காற்று உள்ளே நுழைய நேரம் எங்கே? எம்.ஜி.ஏ. கேம் இன்லெட் வால்வை 252 டிகிரி திறந்து வைக்கிறது. கார்புரேட்டரும் கேமும் மாமியார் மருமகள் மாதிரி, ஒரே வீட்டில் ஒத்துப்போக வேண்டும். சில பேர் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு கார்புரேட்டர் வைக்கலாமா என்று கேட்பார்கள். இந்த ஹெட்டில் இன்லெட் போர்ட்டே இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசல், மூன்றும் நாலும் ஒரு வாசல். எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று வாசல், நடுவில் இருப்பதை இரண்டு சிலிண்டர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டு வாசல் வீட்டுக்கு நாலு கதவு எதற்கு?

இப்போது 1984. மூன்றாம் ஆண்டு லீவு. புதுப்பேட்டையில் எந்த வண்டியில் இருந்தது என்றே தெரியாத இரண்டு கார்புரேட்டர் வாங்கினேன். சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த ஜுரம் அப்படி. ஹெட்டை லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய், "ஒரு நூல் எடுங்கண்ணே" என்றேன். எத்தனை சி.சி. குறையும் என்று நானும் அளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை. ஊருக்குள் வண்டி பறந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த வாரம் அப்பா அம்மாவை உட்காரவைத்து ஊட்டிக்குக் கிளம்பினேன். கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கிணிகிணி என்று ஒரு சத்தம். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பர்லியாறு வருவதற்குள் மூன்றாவது பிஸ்டன் தலையில் ஓட்டை. உடைந்த துண்டு சிலிண்டரை உழுதுவிட்டது, மறுபடி போர் போடவும் வழியில்லை. கலவை வறண்டு, ஸ்பார்க் முந்தி, பெட்ரோலின் ஆக்டேனும் போதாமல், மூன்றும் சேர்ந்து செய்த வேலை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் முதல் சம்பளச் சேமிப்பில் வாங்கிய வண்டி. பதினோரு வருஷம் ஷெட்டில் நின்றது. பிறகு வேறு எஞ்சின் போட்டு ஓட்டினோம், ஆனால் அவர் அதை "நம்ம வண்டி" என்று சொல்லி நான் கேட்கவில்லை.

அதனால்தான் தம்பியிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அந்த பிளாக் போனால் போனதுதான்.

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். 4200-லிருந்து 5500-க்குப் போனால் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் தாங்கவேண்டிய இழுவிசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 1.31-இன் வர்க்கம் 1.7. எழுபது சதவீதம் கூடுதல்! இந்த கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றே மெயின் பேரிங். அறுபது வருஷப் பழைய ராட் போல்ட்டை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கேம் போடுவது தற்கொலை. ஆகவே பணத்தில் முதல் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகட்டும்: கிராங்க் அளவு பார்த்து கிரைண்டிங், புது பேரிங், புது ராட் போல்ட், ஆயில் பம்ப், பேலன்சிங். இதனால் ஒரு குதிரை கூட ஏறாது. நண்பர்களிடம் காட்டவும் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது பங்கு ஹெட்டுக்கு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நாட்டில் நின்றுபோனது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது. எனவே கடினமான சீட் இன்சர்ட் போடுங்கள். போர்ட்டும் மேனிஃபோல்டும் கேஸ்கட்டும் படி இல்லாமல் ஒன்றாகப் பொருந்தட்டும். குடைந்து பெரிசாக்க வேண்டாம், சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் மூன்றையும் ஒரே தடவையாக, ஒரே சுற்று எல்லைக்கு ஏற்ற ஜோடியாக வாங்குங்கள். பணம் போதாவிட்டால் காத்திருங்கள், ஒன்றொன்றாக மாட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம், இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு சுமார் 13.5 தான். பழைய நீடிலோடு ஓட்டினால் கலவை வறண்டுபோகும், என் மூன்றாவது பிஸ்டன் கதைதான். எஸ்.யூ.வில் நீடிலை மாற்றுவது சுலபம், மாற்றுங்கள். ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாகப் போட்டுவிடுங்கள். பிரேக் நாலும் டிரம் என்பதையும் மறக்கவேண்டாம். அதைச் சரிசெய்யாமல் 72 குதிரையை யாரும் கேட்காதீர்கள்.

தம்பி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தில் என் போன் நம்பர் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றும் நாளைச் சொல்லுங்கள், நானே வருகிறேன். கெமிஸ்ட்ரி லேபில் சொல்லிவிட்டு ஒரு ப்யூரெட் வாங்கி வையுங்கள், கண்ணாடித் தகடும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் நான் கொண்டுவருகிறேன். நாலு சேம்பரையும் அளந்து எழுதிக்கொண்டு, அப்புறம் லேத்துப் பட்டறைக்குப் போவோம்.