ஒற்றைத் தலைவலி: மூளைப் படம் காட்டும் உண்மை

(நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பெரியோருக்கான சுகாதார உரை)



பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே பிரட்டுக்குப் போகவேண்டும். அன்று ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால் 'வேலைக்கள்ளி' என்றார்கள். வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை, வாந்தி வருகிறது என்றால் 'பித்தம்' என்றார்கள். சிலர் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இன்றும் பலர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மைகிரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி நடிப்பும் அல்ல, செய்வினையும் அல்ல. அது மூளையும் நரம்புகளும் சம்பந்தப்பட்ட நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு படக்கருவி பெரிதும் உதவியது. சாதாரண எம்.ஆர்.ஐ. படம் மூளையின் உருவத்தைக் காட்டும். 'செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.' மூளை வேலை செய்வதைக் காட்டும். மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால், அங்கே பிராணவாயு நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைக் காந்தத்தைக் கொண்டே படம்பிடிக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார்.

சிலருக்குத் தலைவலி தொடங்குமுன் கண்ணில் நெளிகோடுகள் மின்னி, மெல்ல விரியும். கார்ல் லாஷ்லி என்ற அறிஞர் தம் கண்ணில் தெரிந்த கோடுகளை வரைந்து பார்த்தார். மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். 2001இல் அமெரிக்காவின் பாஸ்டனில் நுஷின் ஹஜிகானி குழுவினர் அதைப் படமாகவே பார்த்தார்கள். மூளையின் பின்புறம், பார்வைக்குரிய பகுதியில், ஓர் அலை நிமிடத்திற்கு ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அலை ஊர்வதால், மைகிரேனின் முன்குறிகளும் பல நிமிடங்களில் மெல்லப் பரவும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பக்கவாதம் அப்படியல்ல, திடீரென அடிக்கும். முகம் கோணுதல், ஒரு கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல், சட்டெனப் பார்வை மங்குதல் ஆகியவற்றைக் கண்டால் தைலம் தேடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். மெல்லப் பரவினாலும், இந்த வயதில் முதன்முறையாக வந்தால் அதுவும் அவசரம்தான். அது எந்த நோய் என்று நீங்களே முடிவு செய்யவேண்டாம்.

இன்னொரு ஆய்வு 2016இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலிருந்து வந்தது. ஒரு நோயாளியை 30 நாள் தினமும் படம் எடுத்தார்கள். பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி, வலி தொடங்க ஒரு நாள் இருக்கும்போதே மாறியிருந்தது. தலைவலிக்கு முன்பே கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் பலருக்கு வருவதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரே நேரத்தில் தூங்குங்கள். பட்டினி விரதம் தலைவலியைக் கிளப்பினால், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"எனக்கும் அந்தப் படம் எடுக்கவேண்டுமா?" என்றால், வேண்டாம். அது ஆராய்ச்சிக்கான கருவி. மருத்துவர் உங்களை விசாரித்துத்தான் மைகிரேனைக் கண்டறிவார். வேறு நோய் என்று சந்தேகம் வந்தால் மட்டுமே சாதாரண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

நினைவில் வையுங்கள்:

1. 50 வயதுக்குமேல் புதிதாகத் தலைவலி வந்தால், மைகிரேன் என்று விட்டுவிடாதீர்கள். மெல்லும்போது தாடை வலி, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, பார்வைக் குறைவு இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கவனிக்காவிட்டால் கண் போய்விடலாம்.

2. மாதத்தில் 15 நாள் பெனடோல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். சிலவகை வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

3. பக்கத்து வீட்டாரின் மைகிரேன் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில இதய நோயாளிகளுக்கு ஆகாது.

4. தலைவலி வந்த நாளையும் போட்ட மாத்திரையையும் நாள்காட்டியில் குறித்து, கிளினிக்கிற்குக் கொண்டு வாருங்கள். எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தலைவலியைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். மைகிரேனுக்கு மருந்து இருக்கிறது.