உருக்கும் ஒட்டும்



சிலாபத்திலிருந்து புத்தளம், கற்பிட்டி வரை நீளும் நமது கரையோரத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குக் குறைவில்லை. துருவேறிய நங்கூரம், படகு இயந்திரத்தின் உடைந்த பாகங்கள், லொறிகளின் வில்லுத் தகடுகள் ஆகியவற்றின் நடுவே சாரைப்பாம்பு சுருண்டாற்போலக் கம்பிவடமும் கிடக்கும். கேபிள் என்றே நம்மவர் சொல்வர். பட்டறைக்காரர் வந்தால் வில்லுத் தகட்டைத் தட்டிப் பார்த்து எடுத்துச் செல்வாரேயன்றி, அந்த வடத்தைத் திரும்பியும் பாரார். கேட்டால், "கத்திக்கு வில்லுத் தகடே போதும் நானா" என்பார். போதும்தான். ஆனால் வேறு நாடுகளில் கத்தி செய்வோர் சிலர் இந்தக் கழிவு வடத்தையே தேடி வாங்கி, உலையிலிட்டு அடித்து, உடும்புத் தோல் போல வரியோடும் அலகாக்கிவிடுகின்றனர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டமஸ்கஸ் உருக்கு. அந்த வேலையையும் அந்தப் பெயரையும் பற்றியே இன்று பேசலாமென்றிருக்கிறேன்.

முதலில் பெயர். டமஸ்கஸ் என்பது சிரியாவின் தலைநகர், அறபியில் திமிஷ்க். நீர் ஓடியது போன்ற வரிகள் கொண்ட வாள்களை ஐரோப்பியர் அந்நகரின் பெயரால் அறிந்தனர். வங்கத்து மெல்லிய துணி மோசூல் நகரின் பெயரால் மஸ்லின் ஆயிற்றல்லவா, அதைப் போன்றதே இதுவும். சந்தைக்குக் கிடைக்கும் புகழ் பிறந்த ஊருக்குக் கிடைப்பதில்லை. அவ்வாள்களுக்கான சிறந்த உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்து போனது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறார். சரந்தீப் என்பது நமது இலங்கைதான்.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்கொட் என்ற மருத்துவர் இந்த உருக்குக் கட்டிகள் சிலவற்றை இலண்டனுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் ஜோர்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து ரோயல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அங்கே அதற்கு வழங்கிய பெயர் 'வூட்ஸ்'. கன்னடத்து 'உக்கு'வும் நமது 'உருக்கு'ம் வெள்ளைக்காரர் வாயில் பட்ட பாடுதான் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. நேயர்களே, இந்த உருக்கு என்னும் சொல்லை நாம் நாளாந்தம் பயன்படுத்துகிறோம். அதன் பொருளை நினைப்பதில்லை. உருக்கியதால் அது உருக்கு. செய்முறையே பெயராகி நிற்கிறது.

அந்தச் செய்முறை எவ்வாறு? களிமண்ணால் செய்த சிறு மூசைக்குள் தேனிரும்புத் துண்டுகளையும், காபன் சேர்வதற்காக மரத்துண்டுகளையும் பச்சிலைகளையும் இட்டு, வாயை மண்ணால் மூடி, பல மணிநேரம் துருத்தியூதிக் காய்ச்சுவர். தென்னிந்தியக் கொல்லர் இட்ட மரம் ஆவாரை. நமது வரண்ட பற்றைக் காடுகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். இரும்பு காபனை உண்டு, உருகி, மெல்ல ஆறிக் கட்டியாகும். நூறு பங்கில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு காபன் அதில் இருக்கும். அதை மிதமான சூட்டிலேயே அடிக்கவேண்டும். வெண்சூடாக்கி அடித்த ஐரோப்பியக் கொல்லர் கையில் அது நொறுங்கிப் போயிற்று. பொறுமையாக அடித்தால் உள்ளிருந்தே வரி எழும். மின்சாரத்தின் தந்தைகளில் ஒருவரான மைக்கல் பரடே, தாமே ஒரு கொல்லரின் மகன், இளமையில் இந்த உருக்கின் இரகசியத்தைத் தேடினார், பிடிபடவில்லை. 1998இல்தான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் அவர்களது குழுவினரும் வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதே வரிகளுக்குக் காரணம் என்று காட்டினர். ஊர்விட்டு ஊர் தாது மாறினால் வரி வராமற் போவதன் விளக்கமும் அதிலேயே இருக்கிறது.

நமது நாட்டில் இந்தக் கலை எப்போது அணைந்தது? கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலாங்கொடைப் பக்கத்து அளுத்நுவரவில், மூசையிலிட்டு உருக்கு ஆக்கும் முறையை அதை அறிந்திருந்த கடைசி மனிதர்களைக் கொண்டு செய்வித்துப் பார்த்து எழுதிவைத்தார். கலையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அதன் சாயலையாவது காப்பாற்றினார். அதே மலைச்சாரலில், சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படும் வேளையில், கில் ஜூலெப் என்ற தொல்லியலாளர் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான உலைகளைக் கண்டறிந்தார். அவற்றில் மூசையுமில்லை, துருத்தியுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. 1994இல் அவ்வாறே ஓர் உலை கட்டிப் பரிசோதித்தபோது காபன் மிகுந்த உருக்கு நேரடியாகவே கிடைத்தது. மே மாதம் தொடங்கிக் கற்பிட்டியில் பனைகளை வளைக்கும் காற்றும் அதே காற்றுத்தான்.

நமது கரைக்கும் இக்கதைக்கும் இடையே ஒரு மனிதர் நடந்து போயிருக்கிறார். மொறோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1326இல் திமிஷ்க் நகரைப் பார்த்தவர். 1344இல் புத்தளத்தில் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவர். கரையில் கிடந்த கறுவா மரங்களையும் முத்துக்களையும் அவர் எழுதியிருக்கிறார். உருக்கு அவர் கண்ணில் படவில்லை போலும். அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது, வில்பத்துப் பக்கத்துப் பொம்பரிப்பில் உள்ள இரும்புக்காலத்துத் தாழிக்காடு. அங்கே இறந்தோரைத் தாழியில் அடக்கிய முறை ஆதிச்சநல்லூரை நினைவூட்டுகிறது. இரும்பு இந்தக் கரைக்குப் புதியதன்று.

இனி வடத்துக்கு வருவோம். தூக்கிகளிலும் மின்தூக்கிகளிலும் ஓடித் தேய்ந்த வடத்தின் கம்பியில் நூறு பங்கில் 0.7, 0.8 அளவு காபன் இருக்கும். நல்ல கத்திக்கு ஏற்ற அளவு. ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளமாக வெட்டி, நடுவில் சணல் திரி இருந்தால் உருவி எறிய வேண்டும். முனைகளை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டாவிட்டால் சூடேறியதும் துடைப்பம் போல விரிந்துவிடும். வடத்தின் உள்ளே ஊறிய எண்ணெயையும் கிரீசையும் கழுவி, எஞ்சியதை உலையில் எரித்துத் தீர்க்க வேண்டும். செஞ்சூடானதும் வெண்காரத் தூளைத் தூவுவர். அது 743 பாகையில் உருகிக் கண்ணாடி போலாகி, கம்பிகளின் மேலுள்ள செதிலைக் கரைத்து, காற்றை அண்டவிடாது. பின்னர் வடம் முறுக்கப்பட்ட திசையிலேயே மேலும் முறுக்கி இறுக்குவர். எதிர்த்திசையில் முறுக்கினால் அவிழ்ந்துவிடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கயிறு திரிக்கத் தெரிந்த கரையோரத்தாருக்கு அது தெரியும்.

அடுத்ததே கடினமான கட்டம். ஏறத்தாழ 1,200 பாகைக்கு மேல், வெண்மஞ்சளாய் ஒளிரும்வரை சூடாக்க வேண்டும். சிரட்டைக்கரி இதற்கு நல்ல கரி. சற்றுக் கூடினால் பொறி பறந்து உருக்கே எரியும். சற்றுக் குறைந்தால் ஒட்டாது. எடுத்தவுடன் ஓங்கி அடிக்கக்கூடாது. உருட்டி உருட்டி, மெல்லத் தட்டித் தட்டி, நூற்றுக்கணக்கான கம்பிகளை ஒன்றோடொன்று இணங்கச் செய்யவேண்டும். மூன்று நான்கு சூட்டுக்குப் பிறகுதான் சம்மட்டி முழு வீச்சில் இறங்கலாம். தனித்தனிக் கம்பிகளின் சலசலப்பு நின்று திண்ணென்ற ஓசை எழும்போது அது ஒரே கட்டியாகிவிட்டது என்று கைக்குத் தெரியும். அப்புறம் அலகாக நீட்டி, தோய்ச்சல் கொடுத்து, தேய்த்து, அமிலத்தில் நனைத்தால் வரி தெரியும். எல்லாம் ஒரே உருக்காயிருக்க, வரி எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு கம்பியின் மேற்பரப்பும் நெருப்பில் தன் காபனிற் சிறிது இழக்கிறது. ஒட்டிய இடங்கள் வெளிறிய கோடாக நிற்கின்றன. வரி என்பது தழும்புதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் இந்தப் பேச்சினால் தீங்கே விளையும். கடலில் பயன்பட்ட வடங்களில் பெரும்பாலானவை நாகமுலாம் பூசியவை. நாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாகும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணிநேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரும். அமிலத்தில் ஊறவைத்துக் கழற்றிவிடலாம் என்பார்கள். இறுக முறுக்கிய வடத்தின் நடுக்கம்பிகளுக்குள் அமிலம் சென்றதா என்று யார் பார்ப்பது? சாம்பல் வெண்மை படிந்த வடத்தை விட்டுவிடுவதே புத்தி. துருப்பிடிக்காத உருக்கு வடமோ இவ்வகை உலையில் ஒட்டவே ஒட்டாது. ஆகவே நமது கரையில் மலிந்து கிடப்பவற்றில் இவ்வேலைக்கு உதவுவது குறைவு. எண்ணெய் கசியும் கரிய வடத்தைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

இதை டமஸ்கஸ் என்று சொல்லலாமா? 1973இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், உருக்கை அடுக்கி ஒட்டிச் செய்த அலகுகளை அப்பெயரால் காட்சிக்கு வைத்தபின், அந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. என் கருத்து வேறு. பழையது உருகியது, இது உருகாமல் ஒட்டியது. அதன் வரி உள்ளிருந்து பிறந்தது. இதன் வரி கொல்லன் வைத்தது. இதற்கு உறவு தேடினால், நமது மலாய் மக்களின் முன்னோர் இடையில் செருகிய கிரிஸ் கத்தியிடம் போகலாம். அதுவும் ஒட்டி அடித்ததே. தமிழில் இதை ஒட்டுருக்கு என்று சொன்னால் போயிற்று. பொய்யுமில்லை, தாழ்வுமில்லை. மூசை உருக்கின் விலையைச் சொல்லி இதை விற்பவர், பெயரில்லாமல் மறைந்த அளுத்நுவரக் கொல்லரின் உழைப்பையும் சேர்த்தே விற்கிறார்.

ஒட்டுருக்குக் கத்தி எவர் கைக்காவது வந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாம். மீன் வெட்டுங்கள். தேசிக்காய் வெட்டினால் அதன் புளிப்பில் வரி இன்னும் கறுத்துத் தெளிவாகும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். இந்த உப்புக் காற்றில் ஓரிரவு மறந்தாலும் துரு வந்து உட்கார்ந்துவிடும்.