கிண்டியிலிருந்து ரிஷிவேலிக்கு

இன்று ஆந்திரத்தின் மதனப்பள்ளிப் பக்கம் போய் வருவோம். சென்னையிலிருந்து சித்தூர், பலமனேர், புங்கனூர் வழியாகச் சாலை போகிறது. மதனப்பள்ளி என்றால் காய்கறி வியாபாரிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது தக்காளிச் சந்தை. ரவீந்திரநாத் தாகூர் 1919இல் அவ்வூர்த் தியாசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோதுதான் ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்ததும் அந்த ஊரில்தான்.

ஊரைத் தாண்டிச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் நிலம் மாறுகிறது. வெயிலில் வெந்த பாறைக் குன்றுகள்; ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் உருண்டைக் கற்கள். மழை குறைந்த சீமை. அந்தக் குன்றுகளுக்கு நடுவே திடீரென்று அடர்ந்த பசுமை தெரியும். அதுதான் ரிஷிவேலி. ஒரு பக்கம் ரிஷிகொண்டா மலை. சற்றுத் தொலைவில் ஹார்ஸ்லி மலை.

அங்கே இருக்கும் பள்ளி, கிண்டியில் உருவான பள்ளி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தேசியக் கல்வி முயற்சியில் எழுந்தது அது. 1920களின் நடுவில், பிறந்த ஊருக்குப் பக்கத்தில் கல்விக்கென ஓர் இடம் தேடிவந்த கிருஷ்ணமூர்த்தி, பழைய ஆலமரம் ஒன்று நின்ற இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தார். தம்மை உலக குருவாக முன்னிறுத்திய சங்கத்தை 1929இல் அவரே கலைத்தார். ஆனால் கல்விப் பணியை விடவில்லை. 1931இல் கிண்டிப் பள்ளி இங்கே குடிபெயர்ந்தது. சாலையும் மின்சாரமும் எளிதில் எட்டாத அந்த நாளில், ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரு வறண்ட பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறியதை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது, பயமுறுத்திப் படிக்க வைக்கக் கூடாது, பரிசு காட்டி ஆசையும் மூட்டக் கூடாது: கிருஷ்ணமூர்த்தியின் எண்ணம் இதுதான். சொல்வது எளிது, நாள்தோறும் நடத்திக் காட்டுவது கடினம். 1950இல் முதல்வர் பொறுப்பேற்ற எஃப். ஜி. பியர்ஸ் பள்ளிக்கு உறுதியான வடிவம் தந்தார். டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் இங்கே ஆசிரியராக இருந்தார். பின்னர் 1972இல் கர்நாடகத்தில் நீல்பாக் என்ற சிறு கிராமப் பள்ளியைத் தொடங்கினார். கிருஷ்ணமூர்த்தி 1986இல் மறையும் வரை குளிர்காலங்களில் இங்கே வந்து மாணவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

மாலையில் அங்கே அஸ்தாச்சல் என்று ஒரு வழக்கம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் திறந்தவெளியில் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். வழிபாடு இல்லை, மந்திரம் இல்லை. மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆசிரியர்களும் மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக நட்ட மரங்களில் பறவைகள் குடியேறின. 1991இல் இந்த வளாகம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பாறைச் சரிவுகளில் மட்டுமே வாழும் அரிய மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

இத்தனை அழகும் விடுதிக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கேள்வி பள்ளிக்குள்ளும் எழுந்ததால்தான் ரிஷிவேலியின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி தொடங்கியது.

1980களில் பள்ளியின் கிராமக் கல்வி மையம், பத்மநாபராவ், ரமா தம்பதியரின் உழைப்பில், சுற்றுப்புறக் கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிகளைத் திறந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வரும் குழந்தைக்கு அந்த நான்கு நாள் பாடத்தை யார் சொல்வது? அதற்காகப் பாடப்புத்தகத்தையே பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம் உண்டு. சுவரில் தொங்கும் ஏணிப்படி வரைபடத்தைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே கண்டுபிடித்து, தனக்கு வேண்டிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடரும். யாரும் பின்தங்கியவர் இல்லை, யாரும் முதல் மாணவர் இல்லை. ஊர்க் கதைகளும் பாட்டுகளும் அந்த அட்டைகளுக்குள் வந்தன. மெட்ரிக் மேளா என்ற பெயரில் பிள்ளைகளே கடை போட்டு, நிறுத்து, அளந்து, காசு எண்ணிக் கணக்குக் கற்றார்கள்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் இங்கே வந்து, இந்த முறையைக் கற்றுத் திரும்பினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் அதற்கு முன்நின்றார். முதலில் சில மாநகராட்சிப் பள்ளிகள். 2007 வாக்கில் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகள். செயல்வழிக் கற்றல் என்று நாம் அறிந்தது அதைத்தான். பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் கரும்பலகை, அலமாரியில் அட்டைகள்: உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு பெரிய மாநிலத்தில் வேகமாகப் பரப்பியபோது எல்லா இடத்திலும் அது ஒரே தரத்தில் நடக்கவில்லை. ஆனாலும் மேசைக்குப் பின்னால் இருந்த ஆசிரியரைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வைத்தது அந்த முறை. அது சிறிய மாற்றமல்ல.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதனப்பள்ளிப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். பெரிய வளாகத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஓரறைக் கிராமப் பள்ளி ஒன்றில் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.