திரையிலே தேடும் நீதி

(வீரமுனையில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)



கதைப் புத்தகமும் தொலைக்காட்சியும் நம் பெண்களைக் கெடுத்துவிட்டன என்று ஆடவர் சிலர் குறைகூறுகின்றனர். இக்குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பெண் கதையைப் படித்தவள் மட்டுமல்லள், படைத்தவளும் ஆவாள். மணவாழ்விலே பெண் படும் துயரை 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலாக 1914ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் எழுதியவர் மங்களநாயகம் தம்பையா. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார்.

இன்று ரமணிசந்திரனின் நாவல்கள் கடல் கடந்து வந்து இங்கும் கைமாறிப் படிக்கப்படுகின்றன. மனைவியின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் கணவனை அவள் ஏட்டிலே தேடுகிறாள் என்றால், வீட்டிலே அவன் இல்லை என்பதன்றோ பொருள்?

அன்பர்களே! வட்டையிலே நீர்த் தகராறு எழுந்தால் வட்டை விதானையிடம் முறையிடுகிறோம். காணித் தகராறு எழுந்தால் கல்முனை நீதிமன்றத்துக்குப் போகிறோம். அடிபட்ட பெண் முறையிட வந்தால் மட்டும், "பொறுத்துப் போ, பிள்ளை" என்கிறோம். அவள் எங்கே போவாள்?

தமிழகத்திலே 2011இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி, குடும்ப வழக்குகளைப் பல்லாயிரவர் பார்க்க விசாரித்தது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையே பெண்களை அங்கு ஈர்த்தது. ஆனால், அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது? தம் முகம், தம் பிள்ளைகளின் முகம், தம் குடும்பத்தின் மானம்! தனிமனித அந்தரங்கம் பறிபோகிறது என்ற முறையீட்டின் பேரில், 2018 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

நம் நாட்டுச் சட்டமோ வேறு வழி காட்டுகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், துன்புறும் பெண் நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் இன்னாரென அடையாளங்காட்டும் எதையும் அச்சிடுவதும் வெளியிடுவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். திரை அவள் முகத்தைக் காட்டுகிறது. சட்டம் அதனை மறைத்துக் காக்கிறது. வசதியிருந்தும் கைவிட்ட கணவனிடம் தாபரிப்புப் பணம் கோர 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் உண்டு. முஸ்லிம் சகோதரியின் தாபரிப்பு வழக்கு, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியார் முன் செல்கிறது. அச்சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று அச்சகோதரிகளே நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றனர். அக்குரலும் கேட்கப்பட வேண்டும்.

சட்டம் ஏட்டிலே இருந்தால் போதுமா? நாவலும் தொடரும் அடுக்களை வரை வந்துவிட்டன; சட்டம் இன்னும் படலையைத் தாண்டவில்லை. இக்குற்றம் பெண்களுடையதன்று, படித்தவர்களாகிய எங்களுடையது.

ஆகவே, சட்டத்தரணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு நாளை ஊர்தோறும் கூலி பெறாது ஒதுக்குவோம். கமக்காரர் அமைப்புகளே, உங்கள் கூட்டங்களிலே பெண்களின் முறையீட்டுக்கும் இடமளியுங்கள். தாய்மார்களே, கதை படியுங்கள், தொடரும் பாருங்கள். உங்கள் வழக்கை மட்டும் திரைக்குக் கொடாதீர்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள், துணைக்கு நாங்கள் வருகிறோம்.