புரட்டாசி சனிக்கிழமையும் கொல்லைப்புறமும்

(கொல்கத்தாவில் நடந்த உறுப்பினர்கள் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நவராத்திரி மகிமையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதைச் சொல்ல சாஸ்திரம் படித்த வித்வான்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். ஆகவே நவராத்திரிக்கு முந்தைய ஒரு நாளின் வீட்டு வேலைகளைப் பற்றிப் பேசுகிறேன். அதில் உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதலில் இந்த ஊர்ப் பருவத்தைச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் நாம் சங்கல்பத்தில் வர்ஷ ருது என்று சொல்கிறோம். வங்காளிகளுக்கு அதே மாதம் ஆச்வினம், சரத் காலம். அவர்கள் கணக்கில் ருதுக்கள் நமக்கு ஒரு படி முன்னே ஓடுகின்றன. யார் கணக்கு சரி என்றால், கொல்கத்தாவில் இரண்டுமே சரி! காலையில் நீல வானம், வெள்ளை மேகம், ரயில் பாதை ஓரத்தில் காஷ் என்கிற நாணல் பூ. மத்தியானம் ஒரு பாட்டம் மழை. பருவமழை இந்த ஊரை விட்டு முழுசாக விலக அக்டோபர் பாதி ஆகிவிடும்.

2023-ல் மஹாளய அமாவாசை அக்டோபர் 14, சனிக்கிழமையில் வந்தது. புரட்டாசிச் சனி, அமாவாசை, மறுநாள் நவராத்திரி ஆரம்பம் என்று மூன்றும் சேர்ந்துகொண்டன. விடியற்காலை நாலு மணிக்கு வழக்கம்போல் தெருவெல்லாம் ரேடியோ. 1931-லிருந்து வருகிற 'மஹிஷாசுர மர்த்தினி' நிகழ்ச்சி, பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல். 1976-ல் அவருக்குப் பதிலாக நடிகர் உத்தம் குமாரை வைத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, பழைய குரலே திரும்பி வந்தது. அவர்கள் கங்கைக் கரையில் தர்ப்பணம் செய்யும் அதே காலையில் நம் வீடுகளிலும் தர்ப்பணம். வாசலில் கோலம் இல்லை. பித்ருக்களை நினைக்கும் நாள் இரண்டு பேருக்கும் ஒன்றே என்பதில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி.

அன்று லேக் மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காய், சேனை, பாகற்காய், வாழையிலை, வெற்றிலை வாங்கி வந்தேன். காயின் பெயரைத் தமிழில் சொன்னாலே எடுத்துக் கொடுக்கிற வங்காளிக் கடைக்காரர்கள் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்து சமையல். தர்ப்பணம் முடிந்து சாப்பாடானதும் பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கினோம். பண்ருட்டிச் செட்டியாரும் கிருஷ்ணநகர் மண் பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது கொல்கத்தாக் கொலுவில்தான். ஒரு பொம்மையையாவது அன்றே படியில் வைத்துவிட வேண்டுமே!

அதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த வேலை: கொல்லைப்புறம். எங்களுடையது பழைய வீட்டின் கீழ்ப்பகுதி. பின்னால் ஒரு துளசி மாடம், ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, ஒரு பவழமல்லி. வங்காளிகள் ஷியூலி என்று கொண்டாடுகிற, இந்த மாநிலத்தின் மாநில மலர் அதுதான். உதிர்ந்த பூவைப் பொறுக்கியபின் கொல்லையைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கியிருக்கும் ஒவ்வொன்றையும் கவிழ்ப்பேன். பூந்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, உடைந்த வாளி, மணி பிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் டப்பா. ஸ்வாமி அறைப் பஞ்சபாத்திரத்தையும் விடுவதில்லை. தெருவில் பந்தல் போட்டபின் மிஞ்சிய மூங்கில் துண்டுகளின் வாயில்கூட உள்ளங்கை அளவு மழைத் தண்ணீர் நிற்கும். அதில் மண்ணை நிரப்பிவிட வேண்டும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்குகிற சுத்தமான தண்ணீர்தான் அதற்கு இஷ்டம். பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறக்காது. அப்படியென்றால் நம்மைக் கடிக்கிற கொசு நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்தது! முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்கள் ஆகும். வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டினால் சங்கிலி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்த ஊருக்கும் கொசுவுக்கும் பழைய சம்பந்தம். ரொனால்ட் ராஸ் 1898-ல் பறவைகளின் மலேரியாவைக் கொசு எப்படிக் கடத்துகிறது என்று முழுமையாகக் கண்டது இங்கேதான். 1902-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் பரிசோதனை மூலம் உறுதியான முதல் பெரிய டெங்குப் பரவலும் 1963-ல் கல்கத்தாவில்தான். இத்தனை தெரிந்த ஊரிலும் வருஷா வருஷம் மழை முடிகிற வேளையில், பூஜைக் காலத்தில், ஜுரம் வருகிறது. ஏனென்றால் மாநகராட்சி ஊழியர் தெருவுக்கு வரலாம். பூட்டிய வீட்டின் மாடிக்கு அவரால் போக முடியாது.

எங்கள் தெருவில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். பெண் வெளியூரில். ஒரு வருஷம் இதே நாட்களில் மாமிக்கு ஜுரம். தினமும் போனில் "சாதாரண ஜுரம்தான், கவலைப்படாதே" என்று பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் ஜுரம் விட்டது. சரியாகிவிட்டது என்று ஸ்நானம் செய்து சமையலையும் ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் வேலைக்கு வரும் பெண் பார்த்தபோது வயிற்றுவலியும் வாந்தியுமாக எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அந்தப் பெண் ஓடி வந்து சொன்னதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்தார். டெங்குவில் ஆபத்தான கட்டம் ஜுரம் இறங்கும் சமயத்தில்தான் வருகிறது என்று டாக்டர் எங்களுக்குச் சொன்னார். ஒரு சாயங்காலம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் மனசு பதறுகிறது.

என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: புரட்டாசிச் சனிக்கிழமை எப்படியும் வீட்டைத் துடைத்து மாவிளக்கு ஏற்றுகிறோம். அந்த வழக்கத்தோடு கொல்லை, மாடி, பால்கனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை முற்றிலும் ஓயும்வரை சனிக்கிழமைகளை விடாதீர்கள். மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூரு உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டு: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எல்லாத் தொட்டியையும் கவிழ்த்து, டாய்லெட் மூடியை மூடிவிட்டு, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூன்று: தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஜுரம் என்றால் போனோடு நிறுத்தாமல் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஜுரத்துக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். ஜுரம் விட்ட அடுத்த இரண்டு நாட்கள் கண்காணிப்பு அதிகம் தேவை. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, இதில் எது கண்டாலும் ஆஸ்பத்திரிதான்.

பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் இருக்கும் ஊரிலும் தனியாக ஒரு மாமியோ மாமாவோ அடுத்த வீட்டில் இருப்பார்கள். நீங்கள் இங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் அங்கே ஒரு கதவைத் தட்டட்டும்.