சந்தனக்கூட்டு மேடையில் கேட்க வேண்டியவை



துல்கஃதா பிறை தெரிந்து ஏர்வாடி தர்காவில் கொடி ஏறிவிட்டால், கீழக்கரை முதல் தொண்டி வரை இரண்டு கேள்விகள்தான். சந்தனக்கூடு என்றைக்கு? இந்த வருஷம் மேடையில் யார் பாட்டு? முதல் கேள்விக்கு நாட்காட்டி பதில் சொல்லிவிடும். கூடு வரும் நாளில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறையும் உண்டு. இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஏர்வாடி மட்டுமல்ல, இந்தக் கரையோரத்தில் கந்தூரி நடக்கும் எந்த ஊரிலும், இஷா தொழுகை முடிந்தபின் தொடங்குகிற இஸ்லாமிய இன்னிசைக் கச்சேரிக்குப் போகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லப் பார்க்கிறேன்.

இதை வெறும் பக்திப் பாட்டு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கு வேறு. சினிமா கம்பெனியின் தயவில்லாமல், தன் ரசிகர்களைத் தானே தேடிக்கொண்டு, ஊர் ஊராய் வேன் ஏறிப் போய்ப் பிழைத்த மெல்லிசைக் குழுக்கள் தமிழில் மிகச் சில. அவற்றில் நீண்ட ஆயுள் இந்தக் குழுக்களுக்குத்தான்.

அந்த ஆயுளைக் கொடுத்தது பெரும்பாலும் ஒரே ஒரு தொண்டை. நாகூர் ஹனிபா என்று உலகம் அழைத்த இ.எம்.ஹனிபா 1925 டிசம்பர் 25 அன்று பிறந்தது நம் ராமநாதபுரத்தில். சிறு வயதிலேயே நாகூரில் பைத்து சபையில் பாடத் தொடங்கியவர். அங்கே ஒலிபெருக்கி கிடையாது. தெருவில் நடந்தபடியே பாட வேண்டும். கடைசி வரிசையில் வருகிறவனுக்கும் சொல் புரிய வேண்டும். பிற்காலத்தில் கிராமபோன் தட்டிலும் கட்சி மேடையிலும் ஒலித்த அந்தக் கணீர்க் குரல் அப்படிப் பழகிய குரல். தர்காவில் நபிகளைப் பாடிய அதே தொனியில் தி.மு.க. மேடையில் அண்ணாவைப் பாடினார். இரண்டு கூட்டமும் அவரைத் தன்னுடையவர் என்றே நினைத்தது.

அவர் பாட்டில் சங்கதிகள் குறைவு. கமகம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அவர் பலம் எழுத்தை உச்சரிப்பதில் இருக்கிறது: வல்லினத்தை அழுத்தி, நெடிலை முழுதாக நீட்டி, வரியின் கடைசிச் சொல்லை விழுங்காமல் முடிப்பார். கிளியனூர் அப்துல் சலாம் எழுதிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை நிதானமாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மெட்டு எளியது, பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பாடிவிடும். ஆனாலும் அது இத்தனை மதத்தார் வீட்டில் ஒலிக்கக் காரணம், எந்தச் சொல்லையும் கேட்பவர் ஊகிக்க வேண்டியதில்லை என்பதே. சினிமாவும் இதை அறிந்திருந்தது. 1961-இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு பாடினார். 1992-இல் ‘செம்பருத்தி’ படத்துக்காக இளையராஜா அவரைக் கடல் பாட்டு ஒன்றுக்கு அழைத்தார். அலைச் சத்தத்துக்கு மேலே எழும்பத் தெரிந்த குரல் வேண்டுமென்றால் வேறு யாரைக் கூப்பிடுவது? 2015 ஏப்ரல் 8-இல் அவர் மறைந்தார்.

இன்றைய குழுக்களின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. பாடகர்களில் பாதிப் பேர் ஹனிபாவாகவே ஆகப் பார்க்கிறார்கள். அதே தொப்பி, அதே கை வீச்சு, மூக்கில் வரவழைத்த ஒரு கனம். ஓங்கிக் கத்துவதல்ல அந்தக் குரல் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும். அடுத்து கீபோர்டு. தபேலாவும் டோலக்கும் கைக்கு எட்டும் தூரத்தில் சும்மா இருக்க, பெட்டிக்குள் பதிந்துவைத்த தாளத்தை ஓடவிட்டுப் பாடுகிறார்கள். பாடுகிறவர் ஒரு சொல்லில் நின்று மூச்சுவிட நினைத்தாலும் பெட்டி விடாது. இந்தித் திரைமெட்டில் வரிகளை ஏற்றுவது பழைய வழக்கம். அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிறவர் மனத்தில் முதலில் படமே வந்து நின்றால் பாட்டு தோற்றது என்றே அர்த்தம். நடுநடுவே அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை வாசிப்பதையாவது இடைவேளைக்குத் தள்ளிவைக்கலாம்.

தர்காவில் இசையே கூடாது என்பவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அது மார்க்கம் அறிந்தோர் பேச வேண்டிய வழக்கு. வானொலியில் பத்து நிமிஷத்தில் தீர்வதல்ல.

நான் உங்கள் காதைத் திருப்ப நினைப்பது ஹனிபாவுக்கும் முந்திய ஒரு பக்கம். இந்தக் கரையில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கீழக்கரைச் சீதக்காதி ஆதரிக்க உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் 5,027 பாடல். அது படிப்பாளிகளின் சொத்து என்று வைத்துக்கொள்வோம். தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் 1792-இல் பிறந்து 1838-இல் சென்னையில் அடங்கிய சூஃபிக் கவிஞர் மஸ்தான் சாகிபு அப்படியல்ல. அவருடைய பராபரக்கண்ணியும் மனோன்மணிக்கண்ணியும் இரண்டிரண்டு அடியாக ஓடுபவை. ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் வந்து முடியும். முன்பாட்டுக்காரர் அடியெடுக்க, கூட்டம் அந்த விளியைத் திருப்பிச் சொல்லப் பயிற்சியே தேவையில்லை. அதைப் பாடிவரும் பக்கீர்சாக்களுக்குத் தாயிரா என்ற கைப்பறை ஒன்று போதும். கவ்வாலிக்கு உள்ள அமைப்பும் ஏறக்குறைய இதுதான். கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் 1985-இல் இங்கிலாந்தில் வோமாட் இசை விழா மேடையேறி, மொழி தெரியாத வெள்ளைக்காரர்களைக் கட்டிப்போட்டது இந்த அமைப்பின் வலுவால். நம்மிடம் கண்ணி இருந்தது, தாயிரா இருந்தது. கூடி எழும்பும் கூட்டுக்குரலை மட்டும் ஒற்றைப் பாடகருக்குப் பின்னால் உட்கார்த்திவிட்டோம். கோரஸ்காரர்களுக்கு ஒரு மைக்கை மூன்று பேராகப் பங்குபோட்டுக் கொடுக்கிறோம்.

ஆகவே இந்த முறை போகிறவர்கள் மேடைக்கு நேர்முன்னே ஒலிபெருக்கிப் பெட்டி அருகில் உட்காராதீர்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி அமர்ந்தால்தான் சொல் காதில் விழும். முதலில் வரும் இறைப்புகழ்ப் பாட்டிலேயே குழுவின் தரம் தெரிந்துவிடும்: பாடகர் கடைசிச் சொல்லை முழுதாக விட்டால் விடிய விடிய இருக்கலாம். நள்ளிரவுக்கு மேல், வெளியூர்க் கூட்டம் கலைந்து ஊர்க்காரர்கள் மிஞ்சும் நேரத்தில், நேயர் விருப்பச் சீட்டுகள் மேடைக்குப் போகும். எல்லோரும் ஹனிபா பாட்டைத்தான் எழுதுவார்கள்; நீங்களும் ஒன்று எழுதுங்கள். அதோடு இன்னொரு சீட்டில் குணங்குடியார் கண்ணி என்று எழுதி, கீபோர்டை நிறுத்திவிட்டு டோலக்கோடு மட்டும் பாடச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வருஷம் அவர்களே பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள்.