பிறவியா, விருப்பமா? பெற்றோரும் ஜமாஅத்தும் சிந்திக்க வேண்டியவை

(குரங்கணியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போடியிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் இளைஞர்களே! இன்றைய தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். வட்டி இருக்கிறது, வரதட்சணை இருக்கிறது, படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தானா பேச வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள்.

பேசித்தான் ஆக வேண்டும். நாம் பேசாததால் நம் வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. பெண்கள்மீது நாட்டமே இல்லாத பையனுக்கு, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று ஒரு அப்பாவிப் பெண்ணைக் கட்டி வைக்கிறோம். தாயத்து, மந்திரிப்பு, மாத்திரை, மின்சாரம் என்று கண்டவரிடம் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறோம். செல்போனில் பழகி மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலிடம் நம் பிள்ளைகள் சிக்கி, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான். ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் ஏற்படும் ஈர்ப்பு அவர்களாகத் தேடிக்கொண்டதா, பிறவியிலேயே வந்ததா?

ஈர்ப்பு வேறு, செயல் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஓரினச் சேர்க்கை என்பது செயல். தன்பால் ஈர்ப்பு என்பது உள்ளத்தின் நாட்டம். செயலை மனிதன் தேர்ந்தெடுக்கிறான். நாட்டத்தை யாரேனும் தேர்ந்தெடுக்கிறார்களா?

உங்களையே கேட்டுப் பாருங்கள். "இன்று முதல் எனக்குப் பெண்களைத்தான் பிடிக்க வேண்டும்" என்று எந்த வயதில், எந்த நாளில் முடிவு செய்தீர்கள்? அப்படி ஒரு நாள் யாருக்கும் இல்லை. மீசை அரும்பும் வயதில் அது தானாக வந்தது. மற்றவனுக்கும் அப்படியே தானாக வந்தது. வந்த திசைதான் வேறு. வீடும் ஊரும் உறவும் ஒதுக்கிவிடும் என்று தெரிந்தே ஒருவன் அதைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுக்கிறான் என்று சொல்வது நம்பும்படியாக இருக்கிறதா?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களிடம் அத்துமீறுவது இந்தப் பேச்சில் சேராது. செய்தவன் ஆணோ பெண்ணோ, பாதிக்கப்பட்டது பையனோ பெண்பிள்ளையோ, 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது கொடுங்குற்றம். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் குற்றவாளியைத் தப்ப விடுகிறார்கள். குற்றம் செய்யாதவனைத் தண்டிக்கிறார்கள்.

மாற்ற முயன்றவர்கள் கண்டது என்ன?

விருப்பத்தால் வந்தது என்றால் விருப்பத்தால் போக வேண்டும் அல்லவா? போக்கிக் காட்ட உலகில் முயலாதவர்கள் இல்லை.

இன்று நீங்கள் கடையில் பில் போடுகிறீர்களே, அந்தக் கணினிக்கான அடிப்படைச் சிந்தனையைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஆங்கிலேயரான ஆலன் டூரிங். 1952-ல் இந்தக் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். 1954-ல், தம் 41-ஆம் வயதில் அவர் இறந்துபோனார். பிரிட்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013-ல்! அந்தக் காலத்து மருத்துவர்கள் மின் அதிர்ச்சியும் கொடுத்தார்கள், வாந்தி மருந்தும் கொடுத்தார்கள். உடல் கெட்டது, மனம் ஒடிந்தது, நாட்டம் மாறவில்லை.

மத வழியிலும் முயன்றார்கள். அமெரிக்காவில் 1976-ல் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறித்தவ அமைப்பு, பிரார்த்தனையாலும் பயிற்சியாலும் இந்த நாட்டத்தை மாற்றுவோம் என்று புறப்பட்டது. தம்மிடம் வந்தவர்களில் ஏறத்தாழ யாருக்குமே நாட்டம் மாறவில்லை என்று அதன் தலைவரே 2012-ல் வாய் திறந்தார். மறு ஆண்டு மன்னிப்புக் கேட்டு அமைப்பையே கலைத்துவிட்டார். மாற்ற முடியும் என்று ஆய்வுக்கட்டுரை எழுதிப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரும் அதே 2012-ல் தம் முடிவு தவறு என்று பகிரங்கமாக வருந்தினார்.

இது நோயே அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் அதையே சொன்னது. நோயே இல்லாததற்கு மருந்து விற்கிறவன் வியாபாரியா, மோசடிக்காரனா? நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் பிறவியா?

இங்கேயும் அவசரப்படக் கூடாது. "இதற்கென்று ஒரு மரபணு இருக்கிறது" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதுவும் உண்மையல்ல.

2019-ல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளிவந்த ஆய்வில் ஏறத்தாழ 4 லட்சத்து 77 ஆயிரம் பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். தனியொரு மரபணு அகப்படவில்லை. சிறு சிறு பங்களிப்புச் செய்யும் ஐந்து இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. மரபணு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், மனிதருக்கு மனிதர் காணப்படும் இந்த வேறுபாட்டில் நூற்றுக்கு 8 முதல் 25 பங்கைத்தான் அதைக் கொண்டு விளக்க முடிந்தது. இரத்தப் பரிசோதனை செய்து, "இவன் இப்படி" என்று யாரும் சொல்ல முடியாது.

இரட்டையர்களைப் பாருங்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த ஈர்ப்பு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு 52 என்று 1991-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2000-ல் ஆஸ்திரேலியாவில் இன்னும் விரிவாகச் செய்த ஆய்வில் அது சுமார் 20 ஆகக் குறைந்தது. சாதாரண மக்களிடம் காண்பதைவிட இது மிக அதிகம். ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, மரபணு மட்டுமே காரணமில்லை என்பதுதான் இதன் பொருள்.

ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரே தாய்த்தூரிலிருந்து பிரித்து நட்ட கன்றுகள் எல்லாம் ஒரே வித்துதான். ஆனாலும் நிழல் அதிகமான சரிவில் ஒரு மாதிரியும், வெயில் விழும் சரிவில் ஒரு மாதிரியும் வளர்கிறது. காயின் பச்சை நிறம் வித்தினாலா, உலர்த்தும் ஸ்டோரினாலா என்று கேட்டால் இரண்டினாலும் என்றுதான் சொல்வீர்கள். காயின்மீது யாரும் பழி போடுவதில்லை.

கருப்பைக்குள் நடப்பதற்கும் பங்கு இருக்கலாம் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்மார் எண்ணிக்கை கூடக் கூட, இளைய பையனுக்கு இந்த ஈர்ப்பு இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது என்று கனடாவின் பிளான்சார்டும் போகர்ட்டும் 1996 முதல் ஆய்வுகளில் காட்டினார்கள். வேறு தாய் பெற்ற அண்ணன்மாருடன் ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இந்தக் கூடுதல் இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் அங்கேயும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்டுவிட்டுக் கடைக்குட்டிகளையெல்லாம் சந்தேகமாகப் பார்க்காதீர்கள். கூடினாலும் அது நூற்றில் சிலர்தான்.

தாய்மொழியை எண்ணிப் பாருங்கள்

"பிறவி என்று நிரூபணம் ஆகவில்லை என்றால், விருப்பம் என்றுதானே ஆகும்?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். ஆகாது. உங்கள் தாய்மொழி தமிழ். அது மரபணுவில் வந்ததா? இல்லை. நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்களா? அதுவும் இல்லை. மூணாறு பக்கம் பிறந்திருந்தால் மலையாளம் வந்திருக்கக்கூடும். தேர்ந்தெடுக்காமலேயே வந்தது, இன்று கனவு காண்பதும் அதில்தான்.

ஆகவே இன்றைய அறிவு தரும் விடை இதுதான்: காரணம் ஒன்றல்ல, பல. மரபணுவும் கருப்பையும் அதில் அடங்கும். இன்னும் முழுமையாக விளங்காததும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. தாய் செல்லம் கொடுத்தாள், அத்தா வெளிநாட்டில் இருந்தார், அதனால் வந்தது என்று பெற்றவர்கள்மீது பழி போடுவதற்கும் ஆதாரம் இல்லை.

மார்க்கத்தின் நிலை

"பிறவி என்று ஒப்புக்கொண்டால் ஹராம் ஹலாலாகிவிடுமே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் தேவையில்லை. ஒன்று எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. முன்கோபம் சிலருக்குப் பிறவிக் குணம். அதனால் அடிதடி ஆகுமானது ஆகிவிடுமா? லூத் (அலை) அவர்களின் சமுதாயம் பற்றிய திருமறைச் செய்தியும், செயல் பற்றிய மார்க்கச் சட்டமும் நீங்கள் அறிந்தவை. விஞ்ஞான ஏடு அதை மாற்ற வரவில்லை.

ஆனால் அதே மார்க்கம், உள்ளத்தில் தோன்றுவதை ஒருவர் சொல்லாமலும் செய்யாமலும் இருக்கும்வரை அதற்காக அவரைக் குற்றம் பிடிப்பதில்லை என்று கற்றுத் தந்ததை ஏன் மறக்கிறோம்? 13-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்), பெண் சாயல் உள்ள ஆண்களைப் பற்றி எழுதும்போது, இயல்பிலேயே அப்படிப் படைக்கப்பட்டவர்மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை என்று விளக்கினார். வேண்டுமென்றே அப்படி நடிப்பவரை அவர் தனியாகப் பிரித்தார். ஈர்ப்பைப் பற்றி அவர் அங்கே பேசவில்லை. ஆனால் இயல்பாக வந்ததையும் தேடிக்கொண்டதையும் பிரித்துப் பார்க்கும் நிதானம் அன்றே நம்மிடம் இருந்தது.

துருவித் துருவி ஆராய்வதைத் திருமறை தடுக்கிறது. சாட்சியின்றி ஒழுக்கத்தின்மீது அவதூறு சொல்வதைக் கடுங்குற்றம் என்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து "அவன் நடையைப் பார்" என்று பேசுகிறவர் எந்த மார்க்கத்தைக் காப்பாற்றுகிறார்?

நிக்காஹ் மருந்தல்ல

வியாபாரிகளே, உங்களுக்கு ஒரு நபிமொழி நன்றாகத் தெரியும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். மேலே எட்டு எம்.எம். காயைப் பரப்பி, அடியில் சருகு வைத்து மூட்டை கட்டுவது ஹராம் என்று நமக்குத் தெரிகிறது. "எனக்குப் பெண்களிடம் நாட்டமில்லை" என்று மகன் அழுது சொன்ன பிறகும், அதை மறைத்து இன்னொருவர் மகளுக்கு நிக்காஹ் பேசுவது மட்டும் எப்படி ஹலாலாகும்?

அந்தப் பெண்ணின் கதியை எண்ணிப் பாருங்கள். குழந்தை இல்லை என்று பழி அவள்மீது விழும். தன்னிடம்தான் குறை என்று அவளே நம்பிவிடுவாள். தக்க காரணமின்றிக் கணவன் மூன்றாண்டுகள் இல்லறக் கடமையை நிறைவேற்றாவிட்டால் மணவிலக்குக் கேட்க 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இடம் தருகிறது. குலாவும் இருக்கிறது. ஆனால் போன இளமையை யார் தருவார்?

சட்டம் சொல்வது

ஆங்கிலேயர் 1860-ல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்வதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு 2023-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை.

நம் பக்கத்துச் செய்தி இது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்குப் போய், 2021-ல் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தமக்கே போதிய தெளிவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்து, அதன்பின் ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். நாட்டத்தை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்தார். அவ்வாறு செய்வது தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்தது. பெற்றவர்களானாலும் வயதுவந்தவரைப் பூட்டி வைப்பதும் அடிப்பதும் குற்றம் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பெற்றோரே! பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால் முதலில் கை ஓங்காதீர்கள். உங்களை நம்பித்தான் சொல்கிறான். வீட்டை விட்டுத் துரத்தினால் அவன் போய்ச் சேரும் இடம் எது என்று யோசியுங்கள். மார்க்கத்தின் வரம்பை அன்போடு எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு; உயிரோடு விளையாட உரிமை இல்லை.

ஹஜ்ரத்மார்களே, நிர்வாகிகளே! நிக்காஹ்வுக்கு முன் மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். வற்புறுத்தல் என்று தெரிந்தால் பதிவேட்டை மூடிவையுங்கள்.

இளைஞர்களே! செல்போனில் மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் மறுபடி கேட்பான். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசகர்களிடம் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. உங்கள் நண்பன் ஒருவன் இந்தச் சுமையோடு உட்கார்ந்திருந்தால், அவனைக் கேலி செய்கிறவர்களோடு சேராதீர்கள். தொழுகை வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்ல விளக்கத்தைத் தருவானாக! வஸ்ஸலாம்.